மகளுக்கென எழுந்த மனை

கல்முனைக் கரையோரத்துப் பழைய வீடொன்றின் அமைப்பை அறிய விரும்புவோர், தூணையும் ஓட்டையும் நோக்குமுன், அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டல் வேண்டும். மருதமுனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் விடை பெரும்பாலும் ஒன்றே: மகளுக்காக.

இங்கிலாந்தின் கிராமங்களில் மரச்சட்டமிட்டு எழுப்பிய பழைய பண்ணை வீடுகள் இன்றும் உள. அங்கே உயில் எழுதாது இறந்தவரின் மனை, 1925ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மூத்த மகனையே சேர்ந்தது. கல்முனையில் முறை நேர்மாறு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசலில் மரைக்காயர் அமர்வதும் குடி வழியே. பெண்ணுக்கு மணம் பேசும்போது வீடும் பேசப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். பெற்றோரோ சில காலத்தில் அதனை மூத்தவளுக்கு விட்டு, அதே வளவில் சிறு வீடொன்றுக்கு ஒதுங்கி, அடுத்தவளுக்கான கட்டடத்தைத் தொடங்குவர்.

ஆகவே வீட்டின் வரைபடம் ஒரு கூரையோடு முடிவதில்லை; வளவு முழுவதுமே வரைபடம். முன்னே ஆடவர் அமரும் விறாந்தை, நடுவே உள்வீடு, பின்னே குசினியும் கிணறும். சுற்றிலும் உயர்ந்த வேலி. சகோதரியரின் மனைகள் அருகருகே அமைவதால், பெண்கள் தெருவை மிதியாமலே வேலிக் கடப்பு வழியாகப் போய்வருவர். வறியோர்க்கு மண்சுவரும் கிடுகும்; வசதியுள்ளோர்க்குச் செங்கல்லும் ஓடும். அமைப்பு மட்டும் ஒன்றே.

குசினி என்ற சொல் போர்த்துக்கேயருடையது. 1626இல் அவர்கள் தம் பகுதியினின்று வெளியேற்றிய முஸ்லிம்களுட் பலரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். துரத்தியவர்களின் சொல் அடுப்படியிலேயே தங்கிவிட்டது!

இஸ்லாமிய வாரிசு முறைப்படி மகளின் பங்கு மகனுடையதிற் பாதி. ஆயினும் தந்தை உயிரோடிருக்கும்போதே சீதனமாகக் கொடுத்த வீடு அக்கணக்கில் வாராது. இந்த நுட்பத்தினாலேயே தாய்வழி வழக்கமும் மார்க்கச் சட்டமும் ஒரே வளவில் இணங்கி வாழ்ந்தன.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கரையோர வளவுகள் பல தரைமட்டமாயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் உதவியும் புதிய மனையின் உரித்தும் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதப்பட்டன. அத்தலைவர் பெரும்பாலும் கணவரே. மனைவியின் சீதன வீட்டில் வந்து வாழ்ந்தவர், காகிதத்தில் உரிமையாளரானார். கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. சில இடங்களில் வீட்டுக்கு ஈடாக மாடிக் குடியிருப்புக் கிடைத்தது. அங்கே கூரை உண்டு, குசினியும் உண்டு. மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஒதுங்குவதற்கும், இளையவளுக்கு அடித்தளம் இடுவதற்கும் வளவு இல்லை.