எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது?

1769 மார்ச் மாதக் கடைசியில் ஹைதர் அலி நம்ம பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கோட்டையில் இருந்த கும்பினியார் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரைத் துரத்திக்கொண்டிருந்த கர்னல் ஸ்மித்தின் படை எங்கோ பின்னால் இருந்தது. மூன்றரை நாளில் 130 மைல், அதாவது இருநூறு கிலோமீட்டருக்கு மேல், கடந்து வந்திருந்தார் ஹைதர். கூட வந்தது சுமார் 6,000 குதிரை வீரர்களும் 200 காலாட்களும்தான். பீரங்கி கிடையாது, கூடாரம் கிடையாது. பெரிய படை, பீரங்கிகள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் மலைக் கணவாய் வழியாக மைசூருக்கே திருப்பி அனுப்பிவிட்டு வந்திருந்தார்.

கோட்டையைப் பிடிக்க அந்தப் படையால் முடியாது. அது ஹைதருக்கும் தெரியும், கவுன்சிலுக்கும் தெரியும். ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்தெடுக்க முடியும். இரண்டு வருஷம் முன்னால், 1767ல், இளம் பையனான திப்பு குதிரைப்படையோடு இதே பரங்கிமலைப் பக்கம் வந்து வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனதை யாரும் மறக்கவில்லை. கவர்னராக வரவிருந்த டூப்ரே பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்த இடங்களை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுப்பது, ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவது என்பது சாரம். 1771ல் மராட்டியர் ஹைதரைத் தாக்கியபோது கும்பினி அந்த உதவியைச் செய்யவில்லை. அதன் விலை பின்னால் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சரித்திரத்தில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது இருக்கும். யார் என்ன சுமந்தார் என்பது இருக்காது. நான் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பிரிவில் லாரி லோடு கணக்கு பார்த்தவன். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். என் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். அதில் கதாநாயகன் குகைக்குள் போய் ராட்சசனைக் கொன்று வாள், கவசம், பொற்காசு என்று அள்ளுவான். ஒரு அளவுக்கு மேல் எடுத்தால் ஆள் ஓட மாட்டான், தள்ளாடித் தள்ளாடி நடப்பான். எதைக் கீழே போடுவது என்று பையன் பத்து நிமிஷம் யோசிக்கிறான். அவன் அம்மா திட்டுகிறாள். எனக்கென்னவோ அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த விளையாட்டிலேயே உருப்படியான பகுதி என்று தோன்றுகிறது. தளபதிகள் செய்த யோசனையும் அதுதானே.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு சேர் அரிசி; சுமார் 900 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதிமாடு ஒன்று 75 கிலோ சுமக்கும் என்று வைப்போம். 5,200 பேர் கொண்ட படைக்கு ஒரு நாள் அரிசியைச் சுமக்க அறுபதுக்கு மேற்பட்ட மாடு வேண்டும். எட்டு நாளைக்கு ஐந்நூறு மாடு. அந்தக் காலத்துப் படையோடு சிப்பாய் மட்டும் போவதில்லை. மாட்டுக்காரன், சமையல்காரன், புல் வெட்டுகிறவன், டோலி தூக்கி, கடை போடுகிறவன், குடும்பம் என்று பெரிய கூட்டமே போகும். ஒரு சிப்பாய்க்கு மூன்று பேர் என்று குறைவாகவே வைத்தாலும் ஐந்நூறு மாடு இரண்டாயிரம் மாடாகிவிடும். பிறகு பீரங்கி, குண்டு, வெடிமருந்து, கூடாரம், அதிகாரிகளின் மேஜை நாற்காலி, ஒயின் பெட்டி. இத்தனை மாடும் தின்ன வேண்டும். மாடு ஒரு நாளில் நடக்கிற தூரம் பத்துப் பன்னிரண்டு மைல். குதிரை ஓடுகிற வேகம் எதுவாயிருந்தாலும் படையின் வேகம் மாட்டின் வேகம்தான். மூன்றரை நாளில் 130 மைல் என்றால் ஏன் கோட்டையே ஆடிப்போனது என்று இப்போது புரியும்.

இப்போது 1780க்கு வருவோம். ஜூலை மாதம் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். இந்தத் தடவை பெரும்படை. எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று எழுதியிருக்கிறார்கள். பரங்கிமலைக்குச் சில மைல் தூரம் வரைக்கும் கிராமங்கள் எரிந்தன. செங்கல்பட்டுச் சீமை முழுக்கக் குடிகள் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு கோட்டையை நோக்கி ஓடி வந்தார்கள்.

எதிர்த்துப் போனவர் சர் ஹெக்டர் மன்றோ. 1764ல் பக்சார் போரில் ஜெயித்த பெரிய ஆள். (நம் மவுண்ட் ரோட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற மன்றோ வேறு. அவர் தாமஸ் மன்றோ, அப்போது பத்தொன்பது வயது.) ஆகஸ்ட் கடைசியில் பரங்கிமலையில் இருந்து 5,209 பேரோடு ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டார். கையில் எட்டு நாள் அரிசி. காஞ்சியில் நவாப் முகமது அலியின் ஆட்கள் தானியம் சேர்த்து வைத்திருப்பார்கள் என்பது ஏற்பாடு. 29ஆம் தேதி போய்ச் சேர்ந்தால் தானியமும் இல்லை, மாடும் இல்லை. நவாபின் அதிகாரி, "உங்களோடு கூட இருக்கச் சொன்னார்கள், தானியத்தைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை" என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இந்தப் பதில் நன்றாகப் பழக்கமானது.

வடக்கே குண்டூரில் இருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு காஞ்சிக்கு வந்து சேர வேண்டும். கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆறு காய்ந்து கிடந்தது. அன்றைக்கே தாண்டாமல் வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் மேலே மழை பெய்து வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் 3 வரை தாண்ட முடியவில்லை. இன்று பூண்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு இதே ஆறுதான். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் அதைப் பார்த்தால் ஒரு படையின் தலையெழுத்தையே மாற்றியது என்று நம்புவது கஷ்டம்.

செப்டம்பர் 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் பெய்லியைத் திப்பு மறித்தார். அங்கிருந்து காஞ்சி பதினான்கு மைல். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை, தளபதியே படையோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மன்றோ ஒருநாள் நடையில் போயிருக்கலாம். போகவில்லை. காஞ்சியிலும் சுற்றுப்புறத்திலும் தேடித் திரட்டிய கொஞ்ச நெல்லையும் பெரிய பீரங்கிகளையும் சுமக்க மாடு இல்லை. விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார். திரும்பி வரும்போது படைக்குச் சோறு இருக்காது. ஆகவே நடுவழியாக, ஆயிரம் பேரை மட்டும் கர்னல் பிளெட்சரின் கீழ் ராத்திரியில் அனுப்பினார். அவர்கள் 9ஆம் தேதி காலையில் எப்படியோ பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று இரவே புறப்பட்ட படை, வழியில் இருட்டில் நின்றுவிட்டது. பெய்லி ஏன் நின்றார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. 10ஆம் தேதி விடிந்தபோது புள்ளலூர் அருகே ஹைதரின் முழுப்படையும் சூழ்ந்திருந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதன்பின் துப்பாக்கிக்குப் போட எதுவும் இல்லை. 3,700 பேருக்கு மேல் இருந்த படை மத்தியானத்துக்குள் முடிந்துபோனது. இறந்தவர்களிலும் பிடிபட்டவர்களிலும் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான், சிப்பாய்கள். பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782ல் செத்தார். காஞ்சியில் இருந்து மெதுவாகக் கிளம்பிய மன்றோ பீரங்கிச் சத்தத்தைக் கேட்டார், புகையைப் பார்த்தார், திரும்பினார்.

அடுத்த நாள் அவர் செய்ததுதான் விஷயமே. எந்தச் சாமான்களைப் பாதுகாக்கப் பெய்லியிடம் போகாமல் இருந்தாரோ அவற்றை, பெரிய பீரங்கிகள் உட்பட, காஞ்சிபுரத்துக் குளத்தில் தூக்கிப் போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். அங்கேயும் அரிசி இல்லை. பின்னாலேயே ஹைதரின் குதிரைகள். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோடு போகிற இந்தத் திசையில்தான் மிச்சப் படை பரங்கிமலைக்குத் திரும்பியது.

மன்றோவைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 6ஆம் தேதி போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டியதை 11ஆம் தேதி போட்டார், அவ்வளவுதான். ஐந்து நாள் வித்தியாசம். கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மாடு சேர்க்காமல் படையை அனுப்பிய கவுன்சிலுக்கு இதில் பாதிப் பங்கு உண்டு. ஹைதர் வரப்போகிறார் என்று பல மாதமாகவே செய்தி வந்துகொண்டிருந்தது.

(புள்ளலூர் என்றதும் இன்னொன்று. மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் கசாக்குடிச் செப்பேடு சொல்வதும் இந்த ஊரில்தான். 1781ல் மறுபடியும் அங்கே போர் நடந்தது. அதில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் இருக்கின்றன. 1780ல் செத்த சிப்பாய்களுக்கு ஒன்றும் இல்லை.)

பிறகு வந்த சர் அயர் கூட் பாடம் கற்றவர். கடற்கரையை விட்டு அதிகம் விலகவில்லை. அரிசி கப்பலில் வரும். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை ஜெயித்தார். ஜெயித்தும் துரத்த முடியவில்லை. மறுபடியும் மாடு இல்லை, குதிரையும் இல்லை.

சுமை என்றால் கொண்டுபோவது மட்டுமில்லை, கொண்டுவருவதும்தான். 1311ல் மாலிக் காபூர் தெற்கே வந்து அள்ளிக்கொண்டு போனதற்கு அந்தக் காலத்து எழுத்தாளர்கள் இரண்டு பேர் கணக்குச் சொல்கிறார்கள். பரணி சொல்வது 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு தங்கம். அமீர் குஸ்ரு சொல்வது 512 யானை, 5,000 குதிரை, 500 மணங்கு ரத்தினம். மணங்குக்கு எந்த எடையை வைத்தாலும் பரணியின் தங்கம் நூற்றுக்கணக்கான டன் ஆகிறது. என்னுடைய ஸ்டோர்ஸ் புத்தி அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஆனால் யானையும் குதிரையும் பட்டியலில் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். தானே நடந்து வரும் கொள்ளைப்பொருள் அது, மேலே மற்றதையும் ஏற்றலாம். மாலிக் காபூருக்குச் சுமைக்கணக்கு தெரிந்திருக்கிறது.

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம். பிப்ரவரியில் வேலூரில் இருந்து ஜெனரல் ஹாரிஸ் புறப்பட்டபோது பல்லாயிரக்கணக்கான மாடுகள், கூடவே தானியம் கொண்டுவரும் பஞ்சாரா வியாபாரிகள். அப்படியும் வழியெல்லாம் மாடு விழுந்து செத்து, ஏப்ரல் நடுவில் கையிருப்பு அரிசி மூன்று வாரத்துக்குக்கூட வராது என்ற நிலை. மே 4ஆம் தேதி கோட்டை விழுந்திருக்காவிட்டால் பட்டினியில் திரும்பியிருப்பார்கள். அன்று ராத்திரி ஊரே சூறையாடப்பட்டது. பட்டாளத்துக்காரர்கள் நகைகளைக் கிடைத்த விலைக்கு முகாம் கடைத்தெருவில் விற்றார்கள். தூக்கிக்கொண்டு திரிய முடியாதவனுக்கு வைரமும் கூழாங்கல்லும் ஒன்று. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி நாலு பேரைத் தூக்கில் போட்ட பிறகுதான் அடங்கியது. மிச்சத்தைக் கணக்கெடுத்துப் பங்கு போட்டதில் ஹாரிஸுக்கு மட்டும் சுமார் 1,43,000 பவுன். சாதாரணச் சிப்பாய்க்குச் சில பவுன்கள். திப்புவின் தங்கச் சிம்மாசனத்தை அப்படியே பங்கு போட முடியாதல்லவா, துண்டு துண்டாக உடைத்துவிட்டார்கள். அதன் புலித்தலையும் ஹுமா பறவையும் விண்ட்சர் அரண்மனைக்குப் போயின.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஹைதர் படைக்கும் சரி, கும்பினிப் படைக்கும் சரி, இந்த மாடுகள் எங்கிருந்து வந்தன? வாங்கியதும் உண்டு, பிடித்துக்கொண்டதும் உண்டு. செங்கல்பட்டுச் சீமைக் குடியானவனுக்குக் கொள்ளையில் போன நெல்லும் நஷ்டம்தான். ஆனால் நெல் போனால் அந்த வருஷம்தான் பட்டினி. ஏர் மாடு போனால் அடுத்த வருஷமும் உழவு இல்லை. 1781, 82ல் பஞ்சம் வந்தது. பட்டணத்துக்கு ஓடி வந்தவர்களுக்கு 1782ல் ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று, சத்திரத்தோடு ஆஸ்பத்திரியும் வந்தது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதுதான். வடசென்னையில் வயசானவர்கள் அதை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.