சேஃப் மோட்: ஒரு சிறு வரலாறு

விண்டோஸ் கணினி வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது அந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். கறுப்புப் பின்னணி. நான்கு மூலைகளிலும் "சேஃப் மோட்" என்ற எழுத்துக்கள். ஐகான்கள் எல்லாம் திடீரென்று பெரிதாகத் தெரியும், பாட்டு கேட்காது, பிரிண்டர் பேசாது. "என்னமோ ஆயிடுச்சு" என்று பயந்து உடனே ரீஸ்டார்ட் பண்ணுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

நான் படிப்பது பி.காம். கணினித் துறைக்கும் எனக்கும் பரீட்சை அளவில் சம்பந்தம் இல்லை. இருந்தும் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் ஒரே நாளில் படுத்துவிட்டன. வங்கி, விமானம், மருத்துவமனை என்று வேலைகள் வரிசையாக நின்றன. அவற்றை எழுப்பக் கைகொடுத்ததில் முக்கியமானது 1990-களில் பிறந்த இந்தப் பழைய உத்தி. அன்றைக்குக் கணினி ஆட்கள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பூட்டிய வீட்டுக்குள் சாவி

கணினி எழுவது என்றால் என்ன? ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிரல்கள் நினைவகத்துக்குள் ஏறுவதுதான். முதலில் இயங்குதளத்தின் மையப்பகுதி, பிறகு திரைக்கும் ஒலிக்கும் நெட்வொர்க்குக்குமான டிரைவர்கள், பிறகு நாம் நிறுவிய சமாச்சாரங்கள். இந்த வரிசையில் ஒருவர் சொதப்பினால் போதும், மொத்த ஊர்வலமும் நின்றுவிடும். சொதப்பியவரை வெளியேற்ற வேண்டுமானால் கணினி ஓட வேண்டும். ஓடவிடாமல் தடுப்பதே அவர்தான்! பூட்டிய வீட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கடம். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் நாம் வேலையை நிறுத்திவிடுவதில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போகிறோம், பிழையைப் பிறகு தேடுகிறோம். சேஃப் மோடும் கிட்டத்தட்ட அதுதான். சந்தேகத்துக்கு உரியவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவசியமான நாலு பேரை மட்டும் வைத்து வண்டியைக் கிளப்புவது.

டாஸ் காலம்

எம்எஸ்-டாஸ் காலத்தில் கணினி எழும்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று இரண்டு கோப்புகளைப் படிக்கும். எந்த டிரைவரை ஏற்ற வேண்டும், எந்த நிரலைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். ஒரு வரி தப்பானாலும் மெஷின் அங்கேயே உறைந்து நிற்கக்கூடும். அப்போது ஒரே வழி, வேறொரு ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து உள்ளே போய் அந்த வரியைத் திருத்துவது. ஃபிளாப்பி கையில் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 இதற்கு ஒரு விடை கொடுத்தது. கணினி எழும் நேரத்தில் எஃப்5 அழுத்தினால் அந்த இரண்டு கோப்புகளையும் மொத்தமாகத் தாண்டிவிடும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாக "இதைச் செய்யட்டுமா?" என்று நம்மைக் கேட்டுக் கேட்டுப் போகும். எந்த வரியில் கணினி உறைகிறதோ அந்த வரிதான் குற்றவாளி. எஃப்8 என்ற விசை பிற்காலத்தில் பெற்ற புகழுக்கு விதை இங்கேதான்.

ஆப்பிள்காரர்கள் இதற்கு முன்பே ஒரு வழி வைத்திருந்தார்கள். 1991-ல் வந்த மேக் சிஸ்டம் 7-ல், கணினி எழும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் "எக்ஸ்டென்ஷன்" எனப்படும் கூடுதல் நிரல்கள் எதுவும் ஏறாது. அதன்பிறகு பாதி எக்ஸ்டென்ஷனை மட்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். கோளாறு வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், 32 பேரில் ஒரு திருடனை ஐந்தே சோதனையில் பிடித்துவிடலாம். தணிக்கைக்குப் போகும் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நல்ல உத்தி.

விண்டோஸ் 95 வைத்த பெயர்

விண்டோஸில் "சேஃப் மோட்" என்ற பெயரைப் பரவலாக்கியது 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95. ஆளுக்கொரு கம்பெனி செய்த சவுண்ட் கார்டு, வீடியோ கார்டு, மோடம் என்று எதைச் செருகினாலும் கணினி தானாகவே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் ஆசை. அத்தனை டிரைவர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதற்கு யார் உத்தரவாதம் கொடுப்பது?

ஆகவே ஒரு பின்வாசல் வைத்தார்கள். எழும்போது எஃப்8 அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்தால் விசைப்பலகை, மவுஸ், சாதாரண விஜிஏ திரை ஆகியவற்றுக்கான டிரைவர்கள் மட்டும் ஏறும். 640-க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள், அவ்வளவுதான். எந்த வீடியோ கார்டாக இருந்தாலும் இந்த விஜிஏ மொழி அதற்குத் தெரியும் என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஐகான்கள் பெரிதாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். முந்தைய முறை கணினி ஒழுங்காக எழவில்லை என்று தெரிந்தால், விண்டோஸ் 95 தானாகவே இந்த வழியைப் பரிந்துரைக்கும்.

அலுவலகங்களுக்கான விண்டோஸ் என்டி குடும்பத்தில் அப்போது இது கிடையாது. 1996-ல் வந்த என்டி 4.0-வில் "கடைசியாகச் சரியாக இயங்கிய அமைப்பு" என்ற ஒன்றும், வெறும் விஜிஏ திரையோடு எழும் வழியும் இருந்தன. முழுமையான சேஃப் மோட் அந்தக் குடும்பத்துக்கு வந்தது 2000 பிப்ரவரியில், விண்டோஸ் 2000 மூலம். அடுத்த ஆண்டு எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கும் போனது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் "சேஃப்பூட்" என்று ஒரு பகுதி இருக்கிறது. சேஃப் மோடில் யார் யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல் அது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. கெட்டவர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் நம்பகமான சிலர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது சுலபம். இதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

செவ்வாயில் ஒரு நோயாளி

இதே யோசனை பூமிக்கு வெளியேயும் ஒருமுறை உயிர் காத்தது. 2004 ஜனவரி 4-ல் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாய் கிரகத்தில் இறங்கியது. இரண்டரை வாரம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஜனவரி 21-ல் பேச்சு நின்றுவிட்டது. கணினி எழும், சிறிது நேரத்தில் விழும், மறுபடி எழும். மூன்று நாட்களில் 60 தடவைக்கு மேல் ரீபூட் ஆனது. இரவில் தூங்க வேண்டிய ஊர்தி தூங்காமல் விழித்துக் கிடந்ததால் பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே போய் எஃப்8 அழுத்த ஆள் கிடையாது. ஒரு கட்டளை போய்ச் சேரவே அப்போது சுமார் பத்து நிமிடம். பொறியாளர்கள் ஃபிளாஷ் நினைவகத்தின் மேல் சந்தேகப்பட்டார்கள். அதைத் தொடாமல் வெறும் ராம் நினைவகத்தை மட்டும் வைத்து எழும்படி கட்டளை அனுப்பினார்கள். இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் "கிரிப்பிள் மோட்", அதாவது முடங்கிய நிலை. ரீபூட் நின்றது. ஜனவரி 24 அன்று திட்ட மேலாளர், நோயாளியின் நிலை "அபாயகரம்" என்பதிலிருந்து "தீவிரம்" என்பதற்கு முன்னேறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரி பாஷையிலேயே அறிவித்தார்.

நோய்க்குக் காரணம் பிறகு தெரிந்தது. பல மாதப் பயணத்தில் ஃபிளாஷில் ஏராளமான கோப்புகள் சேர்ந்துவிட்டன. அவற்றின் விவரங்களை வைத்துக்கொள்ள ராமில் இடம் போதவில்லை. இடம் போதாமல் ரீபூட், எழுந்ததும் அதே ஃபிளாஷைத் திறக்க முயற்சி, மறுபடி ரீபூட். பிப்ரவரியில் ஃபிளாஷைத் துடைத்துப் புதிதாக வடிவமைத்தார்கள். 90 செவ்வாய் நாட்களுக்காகத் திட்டமிடப்பட்ட ஸ்பிரிட் 2010 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தது.

திருடனும் கற்றுக்கொண்டான்

அதே ஆண்டுகளில் பூமியில் வைரஸ் தொல்லை உச்சத்தில் இருந்தது. வைரஸ்களும் கணினி எழும்போதே ஏறிக்கொள்பவைதானே? சேஃப் மோடில் போனால் பெரும்பாலானவை ஏறாது, நிம்மதியாக அழிக்கலாம். இது வைரஸ் எழுதுபவர்களுக்கும் புரிந்தது. 2009-ல் பரவிய கான்ஃபிக்கர் புழுவின் ஒரு வகை, கணினியை சேஃப் மோடுக்குள்ளேயே போகவிடாமல் முடக்கியது. மருத்துவமனைக்குப் போகும் பாதையை அடைப்பது போல.

2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்னாட்ச் என்ற ரேன்சம்வேர் கணினியைத் தானே சேஃப் மோடில் ரீபூட் செய்தது. அங்கே பல ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் ஓடாது அல்லவா, அந்த நேரத்தில் கோப்புகளையெல்லாம் பூட்டியது. காவலாளியையும் வாசலில் நிறுத்திவிடும் அறை என்பதை நாம் மறந்தோம், திருடன் மறக்கவில்லை.

இதற்கிடையில் எஃப்8-க்கும் ஒரு முடிவு வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8, எஸ்எஸ்டி உள்ள புதுக் கணினிகளில் சில நொடிகளில் எழுந்தது. எஃப்8-ஐ அழுத்தக் கிடைக்கும் இடைவெளி 200 மில்லிநொடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. ஆகவே இயல்புநிலையில் அந்த விசையை விட்டுவிட்டு, மெனுக்களுக்கு உள்ளே வழியை வைத்தார்கள். வேகம் கூடியது, பின்வாசல் பார்வையிலிருந்து மறைந்தது.

2024 ஜூலை 19

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட் அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39. அந்த அப்டேட் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கணினியில் இருந்த மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடிப் போய் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே கை வைத்தது. ஃபால்கன் இயங்குதளத்தின் அடியாழத்தில், கணினி எழும்போதே ஏறும் டிரைவர். அது விழுந்தால் விண்டோஸும் விழும். நீலத்திரை, ரீபூட், மறுபடி நீலத்திரை. ஸ்பிரிட்டுக்கு வந்த அதே சுழல்!

78 நிமிடத்தில் தவறான கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினி எழுந்தால்தானே புதுக் கோப்பை வாங்கும்? சில கணினிகள் திரும்பத் திரும்ப ரீபூட் செய்ததில் தப்பித்தன. மற்றவற்றுக்கு வைத்தியம் ஒன்றுதான்: சேஃப் மோடுக்கோ மீட்புச் சூழலுக்கோ போய், குறிப்பிட்ட அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு வர வேண்டும். அனுமதிப் பட்டியலில் ஃபால்கன் இல்லாததால் சேஃப் மோடில் கணினி எழுந்தது.

வேலை என்னவோ சில நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த கணினிகளில் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே படுத்திருந்தது. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

செவ்வாயில் கிடந்த ஊர்தியை மூன்றே நாளில் பிடித்துவிட்டார்கள், பக்கத்து மேசையில் இருந்த கணினிக்கு அதைவிட அதிக நாள் ஆனது என்றால் விசித்திரமாக இல்லையா? காரணம் தூரம் இல்லை. ஸ்பிரிட்டை வடிவமைத்தவர்கள், தொட ஆள் இல்லாத இடத்தில் அது நோய்வாய்ப்படும் என்று எதிர்பார்த்து, வெளியிலிருந்து கட்டளை போகும் ஒரு பாதையை விட்டுவைத்திருந்தார்கள். அலுவலகக் கணினிகளில் பின்வாசல் இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆள் தேவை என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. இந்தப் பாடத்தை மைக்ரோசாஃப்ட்டும் எடுத்துக்கொண்டது. எழ முடியாத கணினிக்குக் கூட இணையம் வழியாகவே திருத்தத்தை அனுப்பும் ஏற்பாட்டை 2024 நவம்பரில் அறிவித்து, 2025-ல் விண்டோஸ் 11-க்குக் கொண்டுவந்தது.

நாளைக்கு நம்மில் பலர் வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ உட்காரப் போகிறோம். அங்கே இடர் மேலாண்மை என்று கோப்பு கோப்பாக எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. எல்லாம் நின்றுபோனால் எதை மட்டும் வைத்து வேலையைத் தொடங்குவோம்? அந்தக் கதவைத் திறக்க எத்தனை பேர் வேண்டும்? சாவி எங்கே இருக்கிறது, அதுவும் விழுந்துபோன கணினிக்குள்ளேயே இருக்கிறதா?

இதில் கடைசிக் கேள்வியை இன்றைக்கே உங்கள் மடிக்கணினியிடமும் கேட்டுப் பாருங்கள். பிட்லாக்கர் அல்லது "டிவைஸ் என்கிரிப்ஷன்" போட்டிருந்தால் அந்த 48 இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, மடிக்கணினிப் பையில் வைக்காமல் வீட்டு பீரோவில் வையுங்கள்.