ஷாதிபியின் ஊர் வழியே

'கரவன்' ஆங்கிலேயருடைய சொல் அல்ல. ஒன்றுசேர்ந்து போகும் வணிகக் கூட்டத்துக்குப் பாரசீகர் சொன்ன 'கார்வான்' தான் அது. இன்றைக்கு அது காரின் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு. குளிர்காலம் வந்தால் வட ஐரோப்பாவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இதை இழுத்துக்கொண்டு ஸ்பெயினின் மத்தியதரைக் கரைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பிரித்தானியாவில் குடியேறிய நம்மவர்களுக்கும் பொருத்தமான பயணம் இது. அடுப்பு கூடவே வருவதால் ஹலால் சாப்பாட்டுக்குக் கடை தேடி அலையத் தேவையில்லை.

ஆனால் ஸ்பெயின் என்றால் நம்ம ஆட்கள் கொர்டோவா, கிரனடா என்ற இரண்டு பெயரோடு நிற்பாங்க. 1492இல் கிரனடா வீழ்ந்தது, கதை முடிந்தது என்றுதான் நம்முடைய பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. முடியவில்லை. அதற்குப் பிறகும் 117 வருடங்கள் கதை ஓடியது. அதைக் காட்டும் பாதை வேறு: போர்ட்ஸ்மவுத்தில் கப்பலேறி பில்பாவோவில் இறங்கி, ஸரகோஸா, தெருவெல், வலென்சியா வழியாகத் தெற்கே தெனியா துறைமுகம் வரை.

ஸரகோஸாவைத் தாண்டியதும், பெருந்தெருவுக்கு மேற்கே அல்மொனாசித் தெ லா ஸியேரா என்ற ஊர் இருக்கிறது. கரவனைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் போவது நல்லது. 1884இல் இங்கே ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துக் கிதாபுகள் கிடைத்தன. சில அழிந்துபோன பிறகுதான் மிச்சம் காப்பாற்றப்பட்டது. பலவற்றின் எழுத்து அரபு, மொழி ஸ்பானியம். அல்ஹமியாதோ என்பார்கள். எங்கட அரபுத்தமிழை அறிந்த வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம்முடைய மூத்தவர்கள் அரபுத்தமிழ்க் கிதாபுகளை அச்சடித்து, பகிரங்கமாக வைத்து ஓதினார்கள். இவர்கள் 1526க்குப் பிறகு சட்டப்படி கிறிஸ்தவர்கள். வற்புறுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டவர்கள். கிதாபோடு பிடிபட்டால் விசாரணை மன்றம்தான்.

தெருவெலின் முதேஹர் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு, வலென்சியாவையும் கடந்து தெற்கே இறங்கினால் பெயர்ப்பலகையில் ஓர் ஊர் வரும். உள்ளூர்க்காரர் அதை 'ஷாதிவா' என்கிறார்கள். அரபில் ஷாதிபா. ஐரோப்பாவில் முதன்முதல் கடதாசி செய்த ஊர்களில் ஒன்று இது. அதைவிட முக்கியம், கிராஅத் கலையின் இமாம் ஷாதிபி பிறந்த மண் இது. கண்பார்வை இல்லாத அவர், ஏழு கிராஅத்துகளையும் 1173 அடிகள் கொண்ட ஒரு கவிதைக்குள் அடக்கினார். ஹிஜ்ரி 590இல் (1194) கெய்ரோவில் மறைந்தார். 'அல்முவாஃபகாத்' எழுதிய கிரனடாவின் ஷாதிபி வேறொருவர், இருநூறு வருடம் பிந்தியவர். இரண்டு பேரையும் ஒருவராக்கிப் பேசுவதை நம்ம மேடைகளில் கேட்கலாம்.

அந்தக் கவிதைக்கு மூலம் 'அத்தைஸீர்'. அதை எழுதிய அபூ அம்ர் அத்தானீ வாழ்ந்து, ஹிஜ்ரி 444இல் (1053) அடக்கமான ஊர்தான் தெனியா, அரபில் தானியா. ஷாதிவாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கிராஅத்தில் தானும் ஈடுபாடுள்ள முஜாஹித் என்ற மன்னர் அப்போது தானியாவை ஆண்டார். அதனால் அந்தக் கலையின் ஆலிம்கள் அங்கே திரண்டார்கள். நம்ம மத்ரஸாவில் ஒரு பிள்ளை ஹஃப்ஸ் ஓதலில் மத்து எத்தனை ஹரக்கத் நீட்டுவது என்று படிக்கும்போது, அது பெரும்பாலும் 'ஷாதிபிய்யா வழி'. அந்த வழி இந்த இரண்டு ஊருக்கும் இடையில்தான் போகிறது.

இரண்டு ஊர்களும் 1244இல் கிறிஸ்தவ ஆட்சிக்குள் வந்தன. மக்கள் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட வலென்சிய இராச்சியத்தின் குடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான். 1609 செப்டெம்பர் 22ஆம் திகதி வெளியேற்றக் கட்டளை வலென்சியாவில் வாசிக்கப்பட்டது. மூன்று நாள் அவகாசம். சுமக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வர வேண்டும். தெனியாவிலிருந்து ஓரான் நோக்கிக் கப்பல்கள் ஒக்டோபர் தொடக்கத்திலேயே புறப்பட்டன. அரசன் மூன்றாம் பிலிப். கட்டளையின் பின்னால் நின்ற அமைச்சர் லெர்மா கோமகன். அவருடைய இன்னொரு பட்டம் தெனியாவின் மார்க்கி என்பது தற்செயலாக இருக்கலாம். ஞானஸ்நானம் கொடுத்துக் கிறிஸ்தவர் ஆக்கியதும் அரசுதான், கிறிஸ்தவர் இல்லை என்று துரத்தியதும் அரசுதான். 1614க்குள் ஸ்பெயின் முழுவதிலுமிருந்து சுமார் 3 இலட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். கப்பலேற மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் தெனியாவுக்குப் பின்னாலுள்ள லாகுவார் பள்ளத்தாக்கின் மலைக்கு ஏறினார்கள். அந்த நவம்பரில் படை வந்து முடித்தது.

தெனியாவின் கரையோரத்தில் கரவன் தங்குமிடங்கள் நிறைய. அங்கே நிறுத்திவிட்டு மலைக்கு ஏறுங்கள். பாதை ஒடுக்கம், கரவனோடு ஏறலாம் என்று யோசிக்க வேண்டாம். பெனிமவுரெல், பெனியாலி, பெனிஸிலி என்று ஊர்கள் வரும், 'பனீ' என்ற அரபுச் சொல்லைச் சுமந்தபடி. அல்காலா பள்ளத்தாக்கில் அத்ஸுவியெத்தா என்ற கிராமம் அன்று விட்டுப்போன கல்வீடுகளோடு ஆளில்லாமல் கிடக்கிறது. மற்ற ஊர்கள் பலவற்றில் மல்யோர்காத் தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். தார்பெனா என்ற ஊரில் இன்றும் அந்தத் தீவின் பேச்சு வாடை இருக்குது. மலையில் படிப்படியாக வெட்டிய வயல்களைப் பராமரிப்பவர்கள் அவர்களுடைய சந்ததிகள். தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஸேக்கியா', அரபில் ஸாகியா.