மஞ்சள் பட்டும் டிஎன்டியும்

கண்ணமங்கலத்தில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த எனக்குப் பட்டு என்றால் பாவு, ஊடை, சாயம். அவ்வளவுதான். பட்டு ஒரு புரதம் என்பது காலேஜ் போன பிறகுதான் உறைத்தது. வெடிமருந்தின் கதைக்குள் பட்டு நுழைந்ததும் புரதம் என்பதால்தான்.

1771இல் பீட்டர் வூல்ஃப் அவுரியை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து ஒரு மஞ்சள் பொருளை எடுத்தார். அதில் பட்டை நனைத்தால் படிகாரம்கூட இல்லாமல் நிறம் ஏறும்; பருத்தியில் ஒட்டாது. அதுதான் பிக்ரிக் அமிலம். 19ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்தில் பட்டுக்குச் சாயமாக இருந்த இதை, 1880களில் பிரெஞ்சு ராணுவம் பீரங்கிக் குண்டுகளில் அடைத்தது. 1917 டிசம்பரில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் 2,000 டன்னுக்கு மேல் இருந்தது இதே சாயம்தான். இதன் நெருங்கிய உறவான டிஎன்டியை 1863இல் யூலியுஸ் வில்பிராண்ட் தயாரித்தார். அதையும் முதலில் மஞ்சள் சாயமாகத்தான் பார்த்தார்கள்.

சரி, மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துபோன டிஎன்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆன்டிபாடி ஒரு வழி. ஆனால் டிஎன்டி மூலக்கூறு ரொம்பச் சின்னது. உடலின் எதிர்ப்பாற்றல் அதைச் சட்டை செய்யாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். சின்ன மூலக்கூறை ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி விலங்குக்கு ஊசி போட்டால், உடல் அந்தச் சின்னதையும் அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மூலக்கூறுக்கு 1921இல் அவர் வைத்த பெயர் ஹாப்டென். மறுபடியும் புரதம்தான் சுமக்கிறது, பாருங்க.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்ய வழி கண்டார்கள். 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் செய்த கருவி எனக்குப் பிடித்தது. ஆன்டிபாடிகளின் இருக்கைகளில் டிஎன்டி சாயலுள்ள, ஒளிரும் மூலக்கூறுகளை முதலிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். சோதிக்கும் தண்ணீரில் நிஜ டிஎன்டி வந்தால் அது இடத்தைப் பிடுங்கும். எழுப்பப்பட்டது ஒளிர்ந்துகொண்டே வெளியே வரும். துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம்ம ஊர் பஸ்தான்.

ஆனால் ஆன்டிபாடிக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெல்ட் வெடிகுண்டில் இருந்தது ஆர்டிஎக்ஸ். வெள்ளைப் படிகம், டிஎன்டியில் இருக்கும் பென்சீன் வளையம் அதில் கிடையாது. டிஎன்டிக்காகச் செய்த ஆன்டிபாடி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதற்கென்று வேறொரு ஹாப்டெனைக் கட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.