பழைய கார்: தனிநபர் விற்பனையும் அதன்பின் வரும் பழுதுகளும் (மட்டாஞ்சேரி, எர்ணாகுளம்)

வணிகர் அல்லாத ஒருவர் தாம் ஓட்டிய காரை நேரடியாக இன்னொருவருக்கு விற்பது தனிநபர் விற்பனை எனப்படும். இப்படி வாங்கிய காரில் சில நாள்களிலேயே எஞ்சின், கியர், பிரேக், மின்சுற்றுப் பழுதுகள் தலைகாட்டினால் அவற்றை அறியும் முறையையும், செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதையும் இக்கட்டுரை தொகுக்கிறது. களம், கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியான மட்டாஞ்சேரி. இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகும் வண்டிகளின் எண் கே.எல். 43 என்றும், எர்ணாகுளத்தில் பதிவாகுபவற்றின் எண் கே.எல். 07 என்றும் தொடங்கும்.

சட்ட வரலாறு

விற்ற பொருளின் குறைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி காரைவிட மிகப் பழையது. பண்டைய ரோமில் சந்தையைக் கண்காணித்த ஈடில் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் மறைந்துள்ள குறைகளைச் சொல்லியே விற்க வேண்டும் என்று ஆணையிட்டனர். சொல்லாமல் விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கோரலாம்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. நஞ்சை முறிக்கும் என்று நம்பப்பட்ட பெசோவார் கல், ஆட்டின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. லண்டனில் ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லைப் பெசோவார் என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். அது பெசோவார் அல்ல என்று வழக்கு வந்தது. பெசோவார் என்று சொன்னது மட்டும் போதாது, அதற்கு உறுதி கொடுத்திருக்க வேண்டும் என்று 1603இல் நீதிமன்றம் வாங்கியவரைக் கைவிட்டது. வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்ற கொள்கை ஆங்கிலச் சட்டத்தில் வேரூன்ற இத்தகைய தீர்ப்புகளே காரணம்.

இந்தியாவுக்கு வந்தது இந்த ஆங்கில மரபுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடியை விளக்கும்போது குதிரையை எடுத்துக்காட்டாக வைத்தது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஏலத்தில் ஒருவர் வாய் திறக்காமல் விற்றால் அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே கொள்வேன்’ என்று சொல்லி, விற்பவர் மறுக்காமல் இருந்தால் அந்த மௌனமே பேச்சாகும். இன்றுவரை பழைய கார் வாங்குவோருக்கு இருக்கும் வலுவான பிடிமானம் இந்த எடுத்துக்காட்டே.

அச்சட்டத்தின் ஏழாம் அத்தியாயம் 1930இல் பிரிக்கப்பட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ஆயிற்று. பொருளின் தரம் பற்றிச் சொல்லாமலே கொள்ளப்படும் உறுதி, அதன் 16ஆம் பிரிவின்படி, அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரை முக்கியமாகக் கட்டுப்படுத்துகிறது. சொந்தக் காரை விற்கும் வீட்டுக்காரர் அதில் சிக்குவதில்லை.

கொச்சிக்குத் தனிக் கதை உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சி மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி. 1949 ஜூலை 1இல் கொச்சி அரசு திருவிதாங்கூரோடு இணைந்தது. 1951இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றின் வழியாகவே ஒப்பந்தச் சட்டமும் சரக்கு விற்பனைச் சட்டமும் மட்டாஞ்சேரிக்கு விரிவாயின. இரு பகுதிகளும் எர்ணாகுளத்தோடு சேர்ந்து 1967இல் கொச்சி மாநகராட்சி ஆயின.

பழுதுகளின் வகை

*தேய்மானம்.* கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, ஷாக் அப்சார்பர், பேட்டரி, டயர் ஆகியவை ஓட ஓடத் தேயும். இவற்றுக்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. பேரம் பேசும்போதே விலையில் கழித்திருக்க வேண்டும்.

*மறைக்கப்பட்ட பழுது.* கிலோமீட்டர் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது, எஞ்சின் எச்சரிக்கை விளக்கை அணைத்துவைப்பது, புகை தெரியாமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது போன்றவை. இவை மௌனம் அல்ல, செயல். 17ஆம் பிரிவின்படி மோசடி. எஞ்சின் சூடான பிறகு நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கூலன்ட் குறைந்துகொண்டே போய், வெள்ளைப் புகை அடர்ந்து வந்து, ஆயில் பால் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்நிலையில் வண்டியை ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.

*நீரும் உப்பும்.* கொச்சிக்கே உரிய வகை இது. காயல் சூழ்ந்த மேற்குக் கரைப் பகுதிகளில் கடல் பெருக்கின்போது உப்பு நீர் தாழ்ந்த தெருக்களுக்குள் ஏறுவது வழக்கம். காரின் அடித்தகடு, சைலன்சர், பிரேக் குழாய்கள் துருப்பிடிக்கின்றன. மேலே பெயின்ட் பளபளத்தாலும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவா, பறவூர் பகுதிகள் மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவித் துடைத்தாலும் தடயம் எஞ்சும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கும். ஃபியூஸ் பெட்டியின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மின்சுற்றுப் பழுது மாதங்கள் கழித்துத்தான் வெளிப்படும் என்பதால், இதில் ஏமாறுவோரின் இழப்பே மிகப் பெரியது.

தீர்வு வழிகள்

பழுது தெரிந்தவுடன் வண்டியை நிறுத்துவதே முதல் வேலை. தொடர்ந்து ஓட்டினால் சேதம் கூடும். குறையை ஏற்றுக்கொண்டதாகவும் வாதிக்க இடம் தரும். விற்றவரோடு தொடர்பில்லாத ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, பழுதின் காரணத்தையும் மதிப்பீட்டையும் எழுத்தில் பெற வேண்டும். கழற்றிய பாகங்களைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தி, விற்றவருக்கு எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

செலவைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடே பெரும்பாலும் இரு தரப்புக்கும் நல்லது. அது கூடாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பிறகு சட்டப்பணிக் குழுவின் சமரசம் அல்லது லோக் அதாலத். கடைசியாகச் சிவில் நீதிமன்றம். பொதுவாக மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். விற்றவர் வணிகர் அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையம் இதில் உதவாது. வாகன இன்சூரன்ஸும் இயந்திரப் பழுதை ஏற்பதில்லை.

பெயர் மாற்றமும் பழுதோடு தொடர்புடையதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. வண்டியைக் கோயம்புத்தூருக்கோ வேறு மாநில ஊருக்கோ கொண்டுபோவதானால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்துக்குப் பொறுப்பு என்றது. பெயர் மாறுமுன் பிரேக் பிடிக்காமல் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை விற்றவரின் வாசலுக்கே போகும். பெயர் மாற்றத்தை இழுத்தடிப்பது அவருக்கும் கேடு.

இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, பணம் கைமாறுமுன் கேட்பதுதான். விபத்து உண்டா, வெள்ளத்தில் நின்றதா, எஞ்சின் பிரித்ததா, காட்டும் கிலோமீட்டர் சரியா என்று கேட்டு, பதிலை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தனிநபர் விற்பனையில் பொருளின் தரம் பற்றிச் சட்டம் தானாக உறுதி தராததால், எழுதி வாங்கிய அந்த வரிகளே வாங்கியவருக்கு உள்ள வாரண்டி. எழுத மறுப்பவரிடம் காரை வாங்காமல் திரும்புவதே நல்லது.

இன்றைய நிலை

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதி நடப்பில் உள்ளது. தனிநபர் விற்பனைக்கு அது பொருந்தாது.