ஆனல்ட் வாசித்த புலவர்கள்

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் கல்வியிலே வளர்ந்து, கிறிஸ்தவராகி, ஆனல்ட் என்ற பெயரைத் தாங்கியவர் சதாசிவம்பிள்ளை (1820–1896). 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'ப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தவர். 1886இல் அவர் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' புலவர் வரலாற்று நூல் என்றே பேசப்படுகிறது. எனக்கோ அது ஒரு வாசகரின் குறிப்பேடாகவே படுகிறது.

நானூறு வரையான புலவர்களை அகர வரிசையில் நிறுத்தி, அவர்கள் இயற்றியவற்றைச் சொல்லி, இடையிடையே செய்யுள்களையும் எடுத்துத் தருகிறார் ஆனல்ட். அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். யாழ்ப்பாணத்திலே சைவருக்கும் மிஷனரிமாருக்குமிடையே கண்டனப் பிரசுரங்கள் பறந்த நூற்றாண்டு அது. மிஷனைச் சார்ந்த ஒருவர், சைவப் புலவர்களின் ஏடுகளை இத்தனை பற்றோடு வாசித்திருக்கிறார். மதம் மாறினார், வாசிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு முன்னோடி சைமன் காசிச்செட்டி. கற்பிட்டியிற் பிறந்தவர், கொட்டாஞ்சேனைப் பகுதியில் இன்றும் நாம் காணும் கொழும்புச் செட்டி சமூகத்தவர், அவரும் கிறிஸ்தவரே. இவரது 'தமிழ் புளூட்டாக்' 1859இல் வெளிவந்தது. கிரேக்க வரலாற்றாசிரியரின் பெயரைச் சூட்டி, ஆங்கிலத்திலே எழுதினார். தமிழறியாத உத்தியோகத்தருக்கு அது பயன்பட்டிருக்கும். தமிழ் வாசகருக்குத் தமிழிலேயே சொன்னவர் ஆனல்ட்.

கர்ணபரம்பரைக் கதைகளை அவர் தாராளமாகவே நம்பினார். கால ஆராய்ச்சியை அவரிடம் எதிர்பார்ப்பது வீண். அந்தக் குறையை நிரப்பியவர் பொ. பூலோகசிங்கம். அவர் பதிப்பித்த தீபகத்தை வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1975இலும் 1979இலும் இரு பாகங்களாக வெளியிட்டது. பதிப்பாசிரியரின் விரிவான குறிப்புகளோடு, பழைய நூல் ஆராய்ச்சியாளர் கையாளத்தக்க நூலாயிற்று.

இரண்டாம் பாகம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அச்சேறிப் பல இடங்களுக்கும் பரவிய நூல் தப்பும். ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடு தப்பாது.

அதன்பின் தீபகத்தைப் புரட்டும்போது, பெரும் புலவர்களின் பக்கங்களை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அவர்களைப் பற்றி வேறு நூல்கள் உண்டு. என் கண் நிற்பது சில வரிகளிலே முடிந்துவிடும் சிறு குறிப்புகளில்தான்: ஒரு பெயர், ஓர் ஊர், பாடிய நூலின் பெயர். அந்நூலைத் தேடிப் போனால் கிடைப்பதில்லை.