பெயரும் எண்ணும்: சுங்க வகைப்பாட்டின் வரலாறு

வணிகர்கள் இன்று விலைப்பட்டியலில் எழுதும் எச்.எஸ்.என். எண் வெறும் கணக்குக் குறியீடாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் அது நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு மொழிச்சிக்கலிலிருந்து பிறந்தது. ஒரு பொருளின் பெயரைச் சொல்லும்போது எல்லா நாட்டினரும் ஒன்றையே சுட்டுகின்றனர் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது என்பதே அச்சிக்கல்.

முதல் முயற்சி வரிக்காக அன்று, புள்ளிவிவரத்துக்காகவே தோன்றியது. 1913 டிசம்பர் 31 அன்று பிரஸ்ஸல்ஸில் 29 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, வணிகப் பொருள்கள் அனைத்தையும் 5 தொகுதிகளுக்குள் 186 இனங்களாகப் பகுத்தது. வணிகத்தின் அளவை ஒப்பிட அது போதும். தீர்வை விதிக்கப் போதாது. சர்வதேச சங்கத்தின் சார்பில் உருவாகி 1937இல் திருத்தப்பட்ட ஜெனீவா பட்டியல் 991 தலைப்புகளைக் கொண்டிருந்தது. போருக்குப் பின், 1950ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை அதன் அடியொற்றிப் புதிய பட்டியலை வகுத்தது. அது 1959இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அமெரிக்காவும் கனடாவும் தத்தம் பட்டியல்களையே பின்பற்றின.

1970களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு இதன் விளைவை வெளிப்படுத்தியது. ஏற்றுமதிப் புள்ளிவிவரம், சரக்குக் கட்டணம், இறக்குமதித் தீர்வை எனக் கைமாறும் ஒரே சரக்கு, ஒரே பரிமாற்றத்தில் 17 முறை வரை வெவ்வேறாக வகைப்படுத்தப்படக்கூடும் என்பது தெரியவந்தது. பெயர் மாறும் ஒவ்வோர் இடமும் காலவிரயத்துக்கும் பிழைக்கும் வழிவகுத்தது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பின் பயனாக 1983 ஜூன் 14 அன்று இசைவிப்பு முறை உடன்படிக்கை கையெழுத்தானது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்னரே, 1986இல், தன் சுங்க, கலால் அட்டவணைகளை அம்முறையின் அடிப்படையில் அமைத்துக்கொண்டது.

இம்முறையின் அடிப்படை ஆறு இலக்கங்கள். 15 என்பது கொழுப்பு, எண்ணெய்களுக்குரிய அத்தியாயம். 1513 தேங்காய் எண்ணெயும் அதனோடு சேர்த்து எண்ணப்படும் சில எண்ணெய்களும் அடங்கிய தலைப்பு. 151311 சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெய். ஆறு இலக்கங்கள் உலகப் பொது. அதற்கு மேல் நாடுகள் தம் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளலாம். இந்தியா எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது.

ஆயினும் சட்ட வலிமை எண்ணுக்கு இல்லை. தலைப்பின் சொற்களுக்கும் அவற்றுக்கான குறிப்புகளுக்குமே உண்டு. ஒரு பொருள் இரு தலைப்புகளுக்குப் பொருந்தினால், பொதுவானதை விடச் சிறப்பாகச் சுட்டுவதே கொள்ளப்படும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்பது இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று.

சொற்களே சட்டமானதால் பொருள்கோள் வழக்குமன்றம் வரை செல்கிறது. சிறு பொதிகளில் விற்கப்படும் தூய தேங்காய் எண்ணெய், 1513இன் கீழ் வரும் எண்ணெயா, 3305இன் கீழ் வரும் தலைமுடித் தயாரிப்பா என்ற வழக்கு இதற்குச் சான்று. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த மேல்முறையீட்டில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். 2024 டிசம்பர் 18 அன்று மூவர் அமர்வு, பொதி சிறியது என்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது என முடிவு செய்தது. அந்நாளில் சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடும் தலைமுடி எண்ணெய்க்கு 18 விழுக்காடும் ஜிஎஸ்டி இருந்தது. சமையலுக்கும் கூந்தலுக்கும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்தும் சமூகத்தில், உலகப் பட்டியலின் ஒரு சொல்லுக்கான விளக்கம் உற்பத்தியாளரின் இலாபத்தையும் வாங்குவோரின் செலவையும் நிர்ணயித்தது.

பொருளின் பெயர் ஒன்றுபட்ட பின்னும் படிவங்கள் ஒன்றுபடவில்லை. அனுப்புநர், எடை, மதிப்பு, பிறப்பிடம் ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது. 1996இல் ஜி-7 நாடுகள் இத்தரவுக் கூறுகளை ஒருங்கிணைக்க முனைந்தன. உலகச் சுங்க அமைப்பு அப்பணியை ஏற்றுத் தன் தரவு மாதிரியாக வளர்த்தது. அங்கும் கணினி நிரலுக்கு முன்னே நிற்பது வரையறைதான்: 'எடை' என்பது பொதியுடன் சேர்ந்ததா, பொதி நீங்கியதா? மொழியியலாளர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் உரிய ஆய்வுக்களம் சுங்கச்சாவடியிலும் இருக்கிறது.